அப்பச்சி காலத்துப் புரோகிராமைப் புதுக் கணினியில் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரைக்குடி செக்காலைப் பக்கம் கணினி பழுது பார்க்கிறவன் நான். போன கோடையில் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி அழைத்தார். அவருடைய அப்பச்சி (அப்பா) தொடங்கிய வட்டிக்கடை. 1993இல் ஒருவர் எழுதிக் கொடுத்த கணக்குப் புரோகிராம்தான் இன்னும் ஓடுகிறது. அது இருக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கணினியோ நாலு முறை முக்கினால்தான் எழுந்திருக்கிறது. மகன் சென்னையிலிருந்து அனுப்பிய புது லேப்டாப்பில் பென் டிரைவ் வழியாகப் புரோகிராமை ஏற்றிப் பார்த்தால், ‘இது உங்கள் கணினியில் இயங்காது’ என்று ஒரு பெட்டி வருகிறது.

“நானூறு உருப்படி அடகில் இருக்கிறது தம்பி. யாருக்கு அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று இந்தப் பெட்டிக்குத்தான் தெரியும்” என்றார் ஆச்சி.

இப்படி ஒரு பெட்டியை நம்பி இருக்கும் அரிசி ஆலை, மரக்கடை, கோயில் புள்ளிக் கணக்கு (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு) என்று இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். புதுக் கணக்கு மென்பொருள் வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். முப்பது வருடமாக விரல் பழகிய திரையை விட்டுவிடச் சொல்வது சுலபமில்லை, பல நேரம் தேவையும் இல்லை. புரோகிராமுக்கு வயதாவதில்லை. அதைச் சுற்றியிருந்த சில்லு, இயங்குதளம், பிரிண்டர் ஆகியவைதான் மாறிவிட்டன. பழைய சூழல் இன்னும் அப்படியே இருக்கிறது என்று அதை நம்பவைத்துவிட்டால் போதும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் நடத்துவார்களே, அந்த மாதிரி வேலை இது.

இயங்குதளம் செய்கிறவர்களே இந்தப் பொய்களைச் சொல்லி வந்திருக்கிறார்கள். விண்டோஸ் 95இன் உண்மையான பதிப்பு எண் 4.0. ஆனால் பழைய 16 பிட் புரோகிராம்கள் கேட்டால் அது 3.95 என்று பதில் சொல்லும். காரணம் வேடிக்கையானது. ‘3.10 அல்லது அதற்கு மேல்’ என்று சோதிக்க வேண்டிய இடத்தில், புள்ளிக்கு முன் இருப்பது 3க்குக் குறையாமலும், புள்ளிக்குப் பின் இருப்பது 10க்குக் குறையாமலும் இருக்கிறதா என்று பலர் தனித்தனியாகச் சோதித்து வைத்திருந்தார்கள். 4.0இல் புள்ளிக்குப் பின் பூஜ்யம். உண்மையைச் சொல்லியிருந்தால் ‘உங்கள் விண்டோஸ் பழையது’ என்று புரோகிராம் கதவைச் சாத்தியிருக்கும். சிம்சிட்டி என்ற விளையாட்டு, திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தை மறுபடி எட்டிப் பார்க்கும் பிழையோடு இருந்தது. அந்த ஒரு விளையாட்டை அடையாளம் கண்டு, திருப்பிக் கொடுத்த இடத்தை உடனே காலி செய்யாமல் வைத்திருக்கவும் விண்டோஸ் 95 கற்றுக்கொண்டது. ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360க்காக எழுதிய புரோகிராம்களின் வழித்தடம் இன்றைய பெருங்கணினிகள் வரை அறுபடாமல் வருகிறது. ஆப்பிளுக்கு இந்தப் பொறுமை கிடையாது. 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளத்தோடு 32 பிட் புரோகிராம்களையே கைகழுவிவிட்டது.

முதல் வேலை: பழைய கணினியை அணைத்துவிடுங்கள்

முக்கி முனகும் ஹார்டு டிஸ்க்கை ‘இன்னும் ஒரு தடவை’ என்று ஓட்டிப் பார்ப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. அந்த ஒரு தடவையில் போய்விடலாம். டிஸ்க்கைக் கழற்றி, தனி மின்சார இணைப்போடு வரும் யுஎஸ்பி மாற்றியில் பொருத்தி, லினக்ஸ் ஓடும் வேறொரு கணினியில் மாட்டுங்கள். கோப்பு கோப்பாக நகல் எடுக்க வேண்டாம். டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக, ஒரே பிம்பமாக எடுங்கள். டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களைக் குறித்து வைத்துப் பிறகு திரும்பத் திரும்ப முயலும். குறிப்புக் கோப்பு ஒன்றைக் கொடுத்திருந்தால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். கோடையில் நம் ஊரில் அது சின்ன வசதியில்லை.

பிம்பத்துக்கு மூன்று நகல்: ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம். இனி எல்லா வேலையும் இன்னொரு நகலின் மேல்தான். ஃப்ளாப்பிகள் கிடைத்தால் அவற்றையும் படித்து வையுங்கள். புரோகிராம் எழுதியவர் விட்டுச்சென்ற மூல நிரல் அதில் இருந்தால் அது புதையல். டாஸ் காலத்துக் கணக்குப் புரோகிராம்கள் பல எழுதப்பட்ட கிளிப்பர் என்ற மொழியில் இருக்கும் மூல நிரலை ஹார்பர் என்ற கட்டற்ற மென்பொருளால் இன்றைய கணினிக்கே மறுபடி தொகுத்துவிடலாம், இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. ஆச்சி வீட்டில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்து, அது என்ன வகை என்று கண்டுபிடியுங்கள்

புரோகிராம் கோப்பை, உள்ளே இருக்கும் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதல் இரண்டு எழுத்துகள் ‘எம்’, ‘இசட்’ என்று இருக்கும். மைக்ரோசாஃப்ட்டில் இந்தக் கோப்பு வடிவத்தை வகுத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் தலைப்பெழுத்துகள் அவை. பெயருக்கு முன்னால் விலாசம் என்று தலைப்பெழுத்து வரிசை போடுவது நகரத்தார் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று புதிதாக எழுதும் 64 பிட் புரோகிராமும் அதே விலாசத்தோடுதான் பிறக்கிறது.

அந்த விலாசத்துக்குப் பின்னால் வருவதைப் பாருங்கள். ‘பி’, ‘இ’ என்ற எழுத்துகள் தென்பட்டால் 32 அல்லது 64 பிட் விண்டோஸ் புரோகிராம். ‘என்’, ‘இ’ என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட். இரண்டும் இல்லையென்றால் அநேகமாக டாஸ், அதாவது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளத்துப் புரோகிராம். கூடவே இருக்கும் தரவுக் கோப்புகளும் பேசும். டிபிஎஃப் கோப்புகளோடு என்டிஎக்ஸ் என்று முடியும் அட்டவணைக் கோப்புகள் இருந்தால் கிளிப்பர். சிடிஎக்ஸ், எஃப்பிடி இருந்தால் ஃபாக்ஸ்ப்ரோ.

ஆச்சியுடையது கிளிப்பர், சுத்தமான டாஸ். எக்ஸ்பியில் ஓடியது, புது லேப்டாப்பில் ஏன் ஓடவில்லை? 1985இல் வந்த 80386 சில்லுக்குள், பழைய 8086 போல நடிப்பதற்கென்றே ஒரு தனி நிலை இருந்தது. 32 பிட் விண்டோஸ் அந்த நடிப்பைப் பயன்படுத்தி டாஸ் புரோகிராம்களை ஓட்டியது. அந்தப் பகுதிக்கு என்டிவிடிஎம் என்று பெயர். 64 பிட் நிலையில் இயங்கும் சில்லில் அந்த நடிப்பு நிலை கிடையாது. ஆகவே 64 பிட் விண்டோஸில் என்டிவிடிஎம்மும் இல்லை. விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்புவரை இது ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டும்தான் வருகிறது. 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

எந்த வழி யாருக்கு

32 பிட் விண்டோஸ் புரோகிராம் என்றால் அதிகம் பயப்பட வேண்டாம். அதன் பண்புகள் பெட்டியில் இணக்கத்தன்மைப் பக்கத்துக்குப் போய் விண்டோஸ் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்தாலே பாதிக்கு மேல் ஓடிவிடும். ஒரே ஒரு பொறி இருக்கிறது. பழைய புரோகிராம்கள் தரவைத் தாங்கள் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே எழுதும். விஸ்டா முதல், புரோகிராம்களுக்கான பொதுக் கோப்புறையில் அப்படி எழுத விண்டோஸ் விடுவதில்லை. மறுத்தால் புரோகிராம் செத்துவிடுமே என்று, எழுதவிட்டது போலக் காட்டிவிட்டு, விர்ச்சுவல் ஸ்டோர் என்ற மறைவான இடத்தில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாகச் சேமித்துவிடும். காலையில் கணக்குப்பிள்ளை பதிந்தது, மாலையில் முதலாளி தன் பெயரில் நுழைந்தால் தெரியாது. கணக்குப்பிள்ளைக்கும் முதலாளிக்கும் சண்டை மூட்ட இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பொதுக் கோப்புறைக்கு வெளியே தனியாக நிறுவினால் தீர்ந்தது.

16 பிட் விண்டோஸ் புரோகிராமுக்கு ஓடிவிடிஎம் என்ற சிறு கருவியை முயன்று பாருங்கள். லினக்ஸ் என்றால் ஒயின் என்ற கருவி. இரண்டும் ஒத்துவராவிட்டால், மென்பொருளால் உங்கள் கணினிக்குள்ளேயே உருவாக்கும் மெய்நிகர் கணினிக்குள் பழைய விண்டோஸை நிறுவி ஓட்டுங்கள், ஆனால் அதற்கு இணைய இணைப்பைக் கொடுக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தில் விடுவது, வளவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

பிரிண்டர் துளையில் செருகும் பூட்டுச் சாவியோடு வந்த புரோகிராம் என்றால் கதை வேறு. பெரும்பாலும் பழைய கணினியைத்தான் உயிரோடு வைத்திருக்க நேரும்.

டாஸ் என்றால், பழைய டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ். மூல டாஸ்பாக்ஸ் 2002இல் விளையாட்டுகளை ஓட்டுவதற்காக வந்தது. பிரிண்டர், ஒரே கோப்பை இருவர் திறக்கும்போது வரும் பூட்டு ஆகியவற்றில் அதற்கு அக்கறையில்லை. கடைக் கணக்குக்கு அதன் கிளையான டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பொருத்தம். நானும் அதைத்தான் போட்டேன்.

டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அமைக்கும்போது

லேப்டாப்பில் ஒரு கோப்புறையை உருவாக்கி, பெயரை எட்டு ஆங்கில எழுத்துக்குள் வையுங்கள். இடைவெளி வேண்டாம். இணையச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் கோப்புறைக்குள் இதை வைத்துவிடாதீர்கள். புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒருவன் கோப்பை எடுத்துப் பார்த்தால் அட்டவணை குழம்பும். நகலெடுக்கும் வேலையைக் கடை சாத்திய பிறகு செய்துகொள்ளலாம்.

அந்தக் கோப்புறையை உள்ளே சி டிரைவாகக் காட்டுங்கள். பழைய கணினியில் எந்தப் பாதையில் இருந்ததோ அதே பாதை இங்கும் இருக்கட்டும். இடத்தைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள், மாற்ற முடியாது. அடுத்து, ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் திறக்கலாம் என்ற அமைப்பு. கிளிப்பரில் ஒரு பேரேட்டுக்கு ஒரு தரவுக் கோப்பும் இரண்டு மூன்று அட்டவணைகளும் சேர்ந்து திறக்கும். நாள்வழி, பேரேடு, அடகுப் பதிவு, வாடிக்கையாளர் என்று சேர்ந்தால் இருபதைச் சுலபமாகத் தாண்டும். டாஸ்பாக்ஸ்-எக்ஸின் அமைப்பிலும், கிளிப்பர் புரோகிராம் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் சூழல் மாறி என்ற அமைப்பிலும் எண்ணைக் கூட்டிவையுங்கள். ஒன்றை மட்டும் கூட்டிவிட்டு, பழைய பிழை ஏன் போகவில்லை என்று நான் ஒரு மணி நேரம் தலையைச் சொறிந்தேன்.

டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராமாக இருந்தால், திறந்த கணமே ‘பிழை 200’ என்று விழக்கூடும். சில்லு எவ்வளவு வேகம் என்று தொடக்கத்திலேயே அளந்து பார்க்கும் பழக்கம் அதற்கு. இன்றைய வேகத்தில் அந்த வகுத்தல் கணக்கே பொங்கி வழிந்துவிடும். டாஸ்பாக்ஸில் வேகத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

எல்லாம் ஓடியதும், தொடக்கக் கட்டளைகளை அமைப்புக் கோப்பிலேயே எழுதி, முகப்புத் திரையில் ஒரே ஒரு படவுருவை வையுங்கள். ஆச்சி இரண்டு முறை தட்டினால் அப்பச்சி காலத்து நீலத் திரை வர வேண்டும், நடுவில் வேறெதுவும் கூடாது. இன்னொன்றைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்: மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டி மூடக் கூடாது. டிபிஎஃப் கோப்பின் தலைப்பகுதியில் எத்தனை பதிவுகள் என்ற எண் இருக்கிறது. புரோகிராம் முறையாக வெளியேறும்போதுதான் அது சரியாக எழுதப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் மூடினால் அன்று கடைசியாகப் பதிந்தது காணாமல் போகலாம்.

தேதி

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான்.

டிபிஎஃப் கோப்பு தேதியை நான்கு இலக்க ஆண்டோடு, மொத்தம் எட்டு எழுத்தாகச் சேமிக்கிறது. சேமிப்பில் கோளாறு இல்லை. கோளாறு தட்டச்சு செய்யும் இடத்தில். திரையில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் இடம். ‘05’ என்று அடித்தால் 1905ஆ, 2005ஆ? 2000 நெருங்கியபோது யாரோ இந்தப் புரோகிராமைத் திருத்தியிருக்கிறார்கள் என்பது ஆச்சியின் பழைய தரவைப் பார்த்தாலே தெரிந்தது. எப்படித் திருத்தினார்கள் என்று பார்க்க, டாஸ்பாக்ஸுக்குள் மட்டும் தேதியை 2030 ஜனவரி 5 என்று மாற்றினேன். 2029 டிசம்பரில் வைத்ததாக ஒரு சோதனை அடகைப் பதிந்து, மீட்புத் தேதி ‘05/01/30’ என்று அடித்தேன். புரோகிராம் அதை 1930 என்று எடுத்துக்கொண்டது. வைப்பதற்குக் கிட்டத்தட்ட 100 ஆண்டுகளுக்கு முன்பே நகையை மீட்டாகிவிட்டது! வட்டி கழித்தல் குறியோடு வந்து நின்றது. அதாவது, நகை வைத்தவருக்குக் கடைதான் வட்டி தர வேண்டும். ஆச்சி திரையைப் பார்த்துவிட்டு, “இதை வெளியே சொல்லிவிடாதே தம்பி, வரிசையில் வந்து நிற்பார்கள்” என்றார்.

30க்குக் கீழே இருந்தால் 2000, 30 முதல் 1900 என்று கோடு கிழித்திருக்கிறார்கள். அன்றைக்கு அது நியாயமான தீர்வு. உங்கள் புரோகிராமிலும் இப்படி ஒரு கோடு எங்காவது இருக்கும். அது எந்த ஆண்டில் இருக்கிறது என்று தேதியை முன்னே தள்ளித் தள்ளிச் சோதித்துக் குறித்து வையுங்கள். சி மொழியில் எழுதிய 32 பிட் புரோகிராம் என்றால் 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி வரைதான் பலவற்றுக்கு நேரம் எண்ணத் தெரியும்.

பிரிண்டர்

டாஸ் புரோகிராம் பிரிண்டருக்கு எழுத்துகளை நேரடியாக அனுப்பும். இடையில் கட்டளைக் குறிகள்: 15 என்றால் எழுத்தை நெருக்கு, 12 என்றால் தாளைத் தள்ளு. மலிவான புது லேசர் பிரிண்டர்கள் பலவற்றுக்கு இந்தப் பாஷையே தெரியாது, விண்டோஸ் வரைந்து கொடுக்கும் படத்தை மட்டும் அச்சடிக்கும். டாஸ்பாக்ஸ்-எக்ஸ் தானே ஒரு எப்சன் பிரிண்டராக நடித்து, வந்த எழுத்தைப் பக்கமாக மாற்றி எந்த விண்டோஸ் பிரிண்டருக்கும் அனுப்பும். சாதா அறிக்கைகளுக்கு அது போதும்.

அச்சடித்த படிவத்தில் கட்டத்துக்குள் விழ வேண்டிய அடகுச் சீட்டு என்றால் யுஎஸ்பி டாட் மேட்ரிக்ஸ் வாங்கிவிடுங்கள். அச்சு வெளியீட்டை ஒரு கோப்பில் பிடித்து, மாற்றம் எதுவும் செய்யாமல் அப்படியே பிரிண்டருக்கு அனுப்பும் சிறு கட்டளைக் கோப்பு ஒன்று போதும். 11 அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 6 வரி என்றால் 66 வரி. ஒரு வரி பிசகினாலும் பத்தாவது சீட்டில் வட்டி இருக்க வேண்டிய கட்டத்தில் முகவரி உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு சீட்டை அடித்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தொடர்ச்சியாக இருபது அடியுங்கள்.

தமிழ்ப் பெயர்கள்

ஆச்சியின் கணக்கில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன, தப்பித்தேன். தமிழில் இருந்தால் அது எந்தக் குறியாக்கம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற முறை, என்று பாருங்கள். இந்திய மொழி எழுத்துகளைக் காட்டும் ஜிஸ்ட் அட்டை போட்ட டாஸ் கணினி என்றால் இஸ்கி. பிற்காலத்தில் டாப், டாம், திஸ்கி, பாமினி என்று ஆளுக்கொன்று. சரியான மாற்றியைக் கண்டுபிடித்தால் நொடியில் யூனிகோடாகிவிடும். ஆனால் யூனிகோடாக மாற்றியதைப் பழைய கோப்புக்குள் திரும்பப் போடாதீர்கள். ‘காரைக்குடி’ என்ற சொல் பழைய எழுத்துருவில் பத்து பைட்டுக்குள் அடங்கியது. யுடிஎஃப்-8 முறையில் அதற்கு 30 பைட் வேண்டும். ஊர்ப் பெயருக்கு 20 ஒதுக்கிய கட்டத்தில் அது பாதியில் அறுந்து தொங்கும். இந்தப் பக்கத்து விலாசங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தலைப்பெழுத்துக்கு மூன்று இடம் ஒதுக்கிய வெளியூர்க்காரர், நாலைந்து எழுத்து விலாசங்களைக் கண்டு என்ன நினைத்தாரோ. தலைப்பெழுத்துக் கட்டத்தில் அடங்காததை ஆச்சியின் அப்பச்சி முகவரிக் கட்டத்தில் எழுதியிருந்தார். தரவை எடுக்கும்போது அதை யாராவது சொன்னால்தான் தெரியும்.

தரவைத் தனியாகவும் எடுத்து வையுங்கள்

புரோகிராம் ஓடுகிறது என்பதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் டிபிஎஃப் கோப்பின் நகலைத் திறந்து, காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பான சிஎஸ்வியாகச் சேமியுங்கள். மூலக் கோப்பின் மேல் சேமிக்க வேண்டாம், கட்ட அளவுகள் மாறிவிடும். இன்னொரு விஷயம்: கிளிப்பரில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. பதிவின் முதல் எழுத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். அந்தக் குறியைப் பார்க்காமல் படிக்கும் கருவியில் எடுத்தால், என்றோ நீக்கிய அடகெல்லாம் உயிர்த்து வந்து நிற்கும். ஆகவே எடுத்ததும் பதிவு எண்ணிக்கையையும், நிலுவை அசலின் கூட்டுத்தொகையையும் புரோகிராம் காட்டும் ஐந்தொகையோடு ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் விடாதீர்கள்.

கடைசியாக, ஒரு மாதம் இரட்டைக் கணக்கு

பழைய கணினியில் நகல் டிஸ்க்கைப் போட்டு, சுற்றுப்பலகையில் இருக்கும் வட்ட மின்கலத்தையும் மாற்றி ஓட்டினோம். செத்த மின்கலம் தேதியைத் தப்பாகக் காட்டிச் சோதனையையே கெடுத்துவிடும். அன்றன்று வந்த அடகுகளை இரண்டிலும் பதிந்து, கடை சாத்தும்போது இரண்டு இருப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தார் ஆச்சி. பன்னிரண்டாம் நாள் நாற்பது ரூபாய் உதைத்தது. புரோகிராமின் தப்பில்லை, ஒரு மீட்பைப் புது லேப்டாப்பில் பதிய மறந்திருந்தார்கள். மாதக் கடைசியில் பழையதை அணைத்தோம்.

செய்ததையெல்லாம் ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்தேன்: டாஸ்பாக்ஸ்-எக்ஸின் எந்தப் பதிப்பு, அமைப்புக் கோப்பு எங்கே, மூன்று நகல்கள் யார் யாரிடம், எப்படி வெளியேறுவது. அடியில் சிவப்பு மையில், ‘2029 தீபாவளிக்குள் தேதியைக் கவனிக்கவும்’. ஆச்சி அதை இரண்டு முறை படித்துவிட்டு, பெட்டகத்தைத் திறந்து அப்பச்சியின் கையெழுத்துப் பேரேடுகளுக்கு மேல் வைத்துப் பூட்டினார்.